உபாலிக்கு முதல் வணக்கம்: பௌத்தப் பயிற்சியும் சமூகநீதியும்

சாக்கிய குலத்து இளைஞர் ஆறு பேர் துறவு பூணக் கிளம்பினார்கள். பத்தியர், அனுருத்தர், ஆனந்தர், பகு, கிம்பிலர், தேவதத்தர் என்று துறவியர் ஒழுக்க விதிகளின் நூலான வினய பிடகம் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. உடன் சென்ற ஏழாமவர் உபாலி. அவர்களுக்கு முடிதிருத்தியும் பணிவிடை செய்தும் வாழ்ந்தவர். எல்லையைத் தாண்டியதும் இளைஞர்கள் நகைகளைக் கழற்றி, மேலாடையில் மூட்டையாகக் கட்டி, உன் பிழைப்புக்கு இது போதும், திரும்பிப் போ என்று உபாலியிடம் கொடுத்தார்கள். சிறிது தூரம் நடந்த உபாலி நின்று யோசித்தார். இந்த நகைகளோடு தனியாகப் போய் நின்றால் கடுஞ்சினக்காரர்களான சாக்கியர்கள் தன்னைக் கொன்றுவிடக்கூடும். தவிர, இவர்களால் துறவு ஏற்க முடியுமென்றால் தன்னால் ஏன் முடியாது? மூட்டையை ஒரு மரத்தில் தொங்கவிட்டார். பார்ப்பவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

புத்தரின் முன் நின்றபோது அந்த இளைஞர்கள் வைத்த வேண்டுகோள்தான் இந்தக் கட்டுரைக்குத் தொடக்கம். நாங்கள் சாக்கியர்கள், செருக்கு மிகுந்தவர்கள். இவர் நெடுங்காலம் எங்களுக்கு ஏவல் செய்தவர். இவரை முதலில் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் இவரைக் கண்டு எழுந்து, வணங்கி, கைகூப்புவோம், எங்கள் குலச்செருக்கு அடங்கட்டும் என்றார்கள். அப்படியே நடந்தது. சங்கத்தில் மூப்பு என்பது வயதாலும் பிறப்பாலும் அமைவதில்லை. துறவேற்ற நேரம்தான் கணக்கு. ஒரு நாழிகை முந்தியவருக்குப் பிந்தியவர் வாழ்நாள் முழுவதும் வணக்கம் செலுத்தியாக வேண்டும். புத்தர் மறைந்தபின் அவர் போதனைகளைத் தொகுக்கத் துறவிகள் கூடிய முதல் சங்கீதியில் வினய விதிகளை ஓதி நிலைநிறுத்திய பொறுப்பும் உபாலியிடமே வந்து சேர்ந்தது.

இதை ஆன்மிகப் பயிற்சி என்பதா, சமூகநீதிச் செயல்பாடு என்பதா? செருக்கை அடக்குவது பௌத்தத்தில் தியானத்தின் வேலை. மானம் என்னும் தன்முனைப்பு, விடுதலையைத் தடுக்கும் தளைகளில் கடைசிவரை நிற்பவற்றுள் ஒன்று. ஆனால் இங்கே அந்தத் தளை அறுபட்டது கண்மூடி அமர்ந்த நிலையில் நிகழவில்லை. முடிதிருத்துபவரின் காலடியில் அரசகுமாரர்களின் தலை தாழ்ந்தபோது நிகழ்ந்தது. அகத்தில் உடைபட வேண்டியதும் புறத்தில் உடைபட வேண்டியதும் ஒரே வணக்கத்தில் உடைபட்டன. பின்வந்த நூற்றாண்டுகளில் இவை இரண்டும் பிரிந்து போனதற்கும், 20-ஆம் நூற்றாண்டில் சிலர் அவற்றை மறுபடி சேர்க்கப் பாடுபட்டதற்கும் காரணங்கள் பல உண்டு. என் பார்வையில், எல்லாவற்றுக்கும் நடுவே இரண்டு சொற்கள் நிற்கின்றன: வினை, உபேக்கை என்னும் மனச் சமநிலை. இவற்றை எப்படிப் பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே பௌத்தப் பயிற்சி நீதியின் பக்கமோ அநீதியின் பக்கமோ சாய்ந்திருக்கிறது.

முதலில் வினை. 1979-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த உலக சமய அமைதி மாநாட்டில், ஜப்பானின் சோத்தோ ஜென் பிரிவைச் சேர்ந்த உயர் பொறுப்பாளர் ஒருவர், தம் நாட்டில் புராக்கு மக்கள் மீது பாகுபாடு ஏதும் இல்லை என்று மறுத்துப் பேசினார். தோல் தொழிலாலும் பிணம் சார்ந்த வேலையாலும் தீட்டுப்பட்டவர்கள் என்று பல தலைமுறைகளாக ஒதுக்கப்பட்ட மக்கள் அவர்கள். எதிர்ப்பு எழுந்தது, ஆலயங்களின் பதிவேடுகளும் கல்லறைகளும் ஆராயப்பட்டன. ஜப்பானிய பௌத்தத்தில் இறந்தவருக்குத் துறவிகள் ஒரு தர்மப் பெயர் சூட்டுவார்கள். அது கல்லறைக் கல்லில் பொறிக்கப்படும். புராக்கு மக்களின் கற்களில் விலங்கு, இழிந்தவர், தோல் என்னும் பொருள்தரும் எழுத்துகள் அந்தப் புனிதப் பெயர்களுக்குள்ளேயே செதுக்கப்பட்டிருந்தன. செத்த பிறகும் சாதி தெரிய வேண்டும் என்று துறவி ஒருவர் தூரிகையை எடுத்து எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு அதே கையோடு அவர் தியானத்திலும் அமர்ந்திருப்பார் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. பின்னர் சோத்தோ பிரிவு தவறை ஒப்புக்கொண்டு, அந்தப் பெயர்களைத் திருத்தும் பணியிலும் மனித உரிமைப் பணியிலும் இறங்கியது.

இத்தகைய கொடுமைக்குத் துணைநின்ற நம்பிக்கை எளிமையானது: இழிவில் பிறந்தவர் முற்பிறவியில் இழிவு செய்தவர். பௌத்தத்தின் பெயரால் இது பரவலாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும், பிற்கால நூல்களிலும் கதைகளிலும் இதற்கு ஆதாரம் காட்ட முடியும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புத்தரின் உரைத் தொகுப்புகளான மூல நிகாயங்களைப் புரட்டினால் வேறொரு குரல் கேட்கிறது. சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்னும் பரிவிராசகர், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, புத்தரிடம் வந்து, மனிதர் அனுபவிக்கும் இன்பமும் துன்பமும் எல்லாம் முன்வினைப் பயனே என்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடியது, பருவ மாற்றம், முறையற்ற பராமரிப்பு, பிறர் தாக்குதல், அதன் பிறகே எட்டாவதாக வினைப்பயன். எல்லாம் முன்வினைதான் என்பவர்கள் தாங்களே கண்டறியக்கூடியதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று அவர் முடிக்கிறார். அங்குத்தர நிகாயத்தில் அதே கருத்து இன்னும் கூர்மையாக வருகிறது. எல்லாவற்றுக்கும் முன்வினையைப் பிடித்துக்கொள்பவருக்கு, இதைச் செய்ய வேண்டும், இதைச் செய்யக்கூடாது என்னும் முனைப்பே அற்றுப்போகும் என்கிறது அந்தப் பகுதி.

துன்பத்துக்கு அரசே காரணமாவதைப் பேசும் சுத்தமும், அதாவது புத்தரின் உரையும், உண்டு. தீக நிகாயத்தின் சக்கவத்தி சீஹநாத சுத்தத்தில் ஒரு மன்னன் நாட்டைக் காக்கிறான். ஆனால் ஏழைகளுக்குப் பொருள் வழங்கத் தவறுகிறான். வறுமை பரவுகிறது. வறுமையால் திருட்டு, திருட்டால் ஆயுதம், ஆயுதத்தால் கொலை, தண்டனைக்கு அஞ்சிப் பொய் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தீமைகள் வளர்ந்து மனிதரின் ஆயுளே குறைகிறது. திருடனின் தலையை வெட்டச் சொல்லும் மன்னனின் கடுமை நிலைமையைச் சீராக்காமல் மேலும் கெடுப்பதாகவே அந்தக் கதை போகிறது. துக்கத்தின் காரணத்தைத் தேடு என்னும், பௌத்தத்தின் நான்கு உயர் உண்மைகளில் இரண்டாவது, ஒரு நாட்டின் நிலைக்குப் பொருத்தப்பட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த வாசிப்பை மிகத் துணிவாக இறுதிவரை கொண்டுசென்றவர் அம்பேத்கர். ஒருவருடைய இன்றைய வறுமைக்கு அவருடைய முற்பிறவியே காரணம் என்னும் கோட்பாடு, அரசும் சமூகமும் பொறுப்பிலிருந்து தப்பிக்க மட்டுமே பயன்படும் என்று அவர் எழுதினார். மதத்தின் நோக்கம் உலகம் எப்படித் தோன்றியது என்று விளக்குவது, தம்மத்தின் நோக்கம் உலகை மறுபடி கட்டுவது என்று இரண்டையும் பிரித்தார். 1935-இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தவர், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில், பர்மாவைப் பிறப்பிடமாகக் கொண்ட மூத்த பிக்கு சந்திரமணியிடம், புத்தம், தம்மம், சங்கம் ஆகியவற்றைச் சரணடையும் திரிசரணமும் ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலமும் ஏற்றார். அடுத்து நடந்ததுதான் மரபுக்குப் புதிது. துறவி அல்லாத அவரே திரும்பி நின்று, கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குத் தீட்சை வழங்கினார். தாமே வகுத்த 22 உறுதிமொழிகளையும் ஏற்கச் செய்தார். சமத்துவத்தை நம்புவேன் என்பதும், எண்வழிப் பாதையில் நடப்பேன் என்பதும், எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டுவேன் என்பதும் அந்த ஒரே பட்டியலில் உள்ளன. பயிற்சி ஒருபுறம், போராட்டம் ஒருபுறம் என்று அவற்றைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. ஏழே வாரங்களில், டிசம்பர் 6 அன்று அவர் காலமானார்.

அதன் பிறகான கதையை அரசியல் சட்டத்தின் மொழியில்தான் சொல்ல வேண்டும். பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுத்த 1950-ஆம் ஆண்டின் ஆணை இந்து சமயத்தவருக்கே பெரிதும் உரியதாக இருந்தது. 1956-இல் சீக்கியர்களும் அதற்குள் வந்தார்கள். பௌத்தம் தழுவியவர்கள் 1990-ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை மத்திய அரசின் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். 34 ஆண்டுகள். தீட்சை ஏற்ற ஒருவருக்கு, தன்மானத்தின் விலை தன் பிள்ளையின் இட ஒதுக்கீடாக இருந்த காலம் அது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் பௌத்தர்கள் சுமார் 84 லட்சம். அவர்களில் சுமார் 65 லட்சம் பேர் மகாராஷ்டிரத்தினர். இந்த எண்ணுக்குள் இருக்கும் பயிற்சி, எந்தத் தியான முகாமின் பயிற்சிக்கும் குறைந்ததன்று.

அம்பேத்கருக்கு ஏறத்தாழ 60 ஆண்டுகள் முன்பே அயோத்திதாசப் பண்டிதர் இந்தப் பாதையில் நடந்துவிட்டார் என்பது தமிழ் வாசகர் அறிந்ததே. 1898-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியவர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தினார். கோலார் தங்கவயலின் தொழிலாளர்களிடையே சங்கத்தின் கிளைகள் தழைத்தன. தாழ்த்தப்பட்டோர் பாவம் செய்து அப்படிப் பிறந்தவர்கள் என்னும் கதைக்கு எதிராக, அவர்கள் பூர்வ பௌத்தர்கள், தம் அறத்தைக் கைவிட மறுத்ததால் தாழ்த்தப்பட்டவர்கள் என்னும் வரலாற்றை அவர் எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் எல்லாம் இன்றைய ஆய்வு முறைக்கு நிற்குமா என்பது தனிக் கேள்வி. முற்பிறவி இருந்த இடத்தில் வரலாற்றை வைத்தார் என்பதுதான் இங்கே முக்கியம்.

இனி உபேக்கை. மைத்திரி என்னும் நேயம், கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழும் முதிதை, உபேக்கை ஆகிய நான்கும் பௌத்தப் பயிற்சியில் வளர்க்கப்படும் மனநிலைகள். கடைசியாக வரும் உபேக்கை, விருப்பு வெறுப்பில் ஆடாத சமநிலை. அநீதியைக் கண்டும் ஆடாதிருப்பதுதான் பௌத்தம் கற்றுத்தருவது என்றால் அதைக்கொண்டு என்ன நீதி கிடைக்கும் என்று களத்தில் நிற்பவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, அதற்கான விடை 5-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. காஞ்சியிலும் தங்கியிருந்த உரையாசிரியர் புத்தகோசர், பயிற்சி நூலான தமது விசுத்திமக்கத்தில், இந்த நான்கு மனநிலைகளுக்கும் இரண்டிரண்டு பகைகள் உண்டு என்கிறார். ஒன்று தூரத்துப் பகை. பார்த்தவுடன் பகை என்று தெரிந்துவிடும். மற்றொன்று அருகில் இருக்கும் பகை. நட்பைப் போலவே தோற்றமளிக்கும். கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை. அருகுப் பகை, துயரத்தில் மூழ்கிப்போவது. உபேக்கைக்குத் தூரத்துப் பகை விருப்பும் வெறுப்பும். அருகுப் பகை, அறியாமையால் வரும் அக்கறையின்மை. அதாவது, எனக்கென்ன என்று இருப்பது சமநிலையின் வேடமணிந்து வரும் என்பதை ஆசிரியர்கள் அறிந்தே இருந்தார்கள், பயிற்சி செய்பவரை அதுகுறித்து எச்சரித்தும் இருக்கிறார்கள். களப்பணியாளருக்கும் இதில் செய்தி உண்டு. பிறர் துயரத்தைக் கண்டு தானும் உடைந்து போவது கருணையைப் போலத் தோன்றும்; ஆனால் அது ஆளையே முடக்கிவிடும்.

வியட்நாம் போரின் நடுவே இது ஏட்டுக் கேள்வியாக இல்லை. 1960-களின் நடுவில் வியட்நாமியத் துறவி திக் நியாட் ஹானும் தோழர்களும் சமூக சேவைக்கான இளைஞர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். குண்டுவீச்சில் அழிந்த கிராமங்களுக்குச் சென்று வீடு கட்டுவது, பள்ளி நடத்துவது, காயத்துக்கு மருந்திடுவது அவர்கள் வேலை. வட, தென் வியட்நாம்களுக்கு இடையே இராணுவம் விலக்கப்பட்ட எல்லைப்பகுதிக்கு அருகிலிருந்த டிரா லோக் என்ற ஊரை அவர்கள் கட்டினார்கள், அது மீண்டும் குண்டுவீச்சில் அழிந்தது, மீண்டும் கட்டினார்கள். இரு தரப்பும் அவர்களைச் சந்தேகித்தன. 1967 ஜூலையில் அப்பள்ளியின் இளைஞர்கள் ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுடப்பட்டார்கள், நால்வர் இறந்தார்கள். கொன்றவர்களை நாங்கள் வெறுக்கவில்லை என்று அவர்களுடைய இறுதிச் சடங்கில் அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட வேலையில் இருந்தவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதும், பாத்திரம் கழுவும்போது அதை மட்டுமே கழுவுவதும், வாரத்தில் ஒரு நாளை விழிப்புணர்வுக்கென ஒதுக்குவதும் எப்படி என்று நாடுகடத்தப்பட்ட நிலையில் திக் நியாட் ஹான் 1974-இல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இன்று உலகெங்கும் படிக்கப்படும் அவருடைய புகழ்பெற்ற தியானக் கையேடு அந்தக் கடிதம்தான். அலுவலக மன அழுத்தத்துக்கு மருந்தாக அதே பயிற்சிகள் இப்போது நிறுவனங்களில் கற்பிக்கப்படுகின்றன. அழுத்தத்தை உண்டாக்கும் வேலை நேரமும் கூலியும் அப்படியே இருக்க, ஊழியரின் மூச்சை மட்டும் சீராக்கும் இந்த ஏற்பாடு, புத்தகோசர் சொன்ன அருகுப் பகையின் இன்றைய வடிவம் என்றே நான் கருதுகிறேன்.

உபேக்கையும் மைத்திரியும் நேரடியாக எதிர்ப்பின் வடிவம் எடுத்த தருணம் ஒன்றும் உண்டு. 2007 ஆகஸ்டில் பர்மிய இராணுவ அரசு எரிபொருள் விலையைத் திடீரென உயர்த்தியது. செப்டம்பர் தொடக்கத்தில் பகொக்கு நகரில் பிக்குகள் தாக்கப்பட்டார்கள். மன்னிப்புக் கேட்க விதிக்கப்பட்ட கெடு கடந்ததும் பிக்குகள் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். இது வெறும் அடையாளச் செயல் என்று எண்ணிவிட வேண்டாம். வினயத்தில் இதற்கு முறையான விதி இருக்கிறது. சங்கத்துக்குத் தீங்கு செய்த இல்லறத்தாரிடமிருந்து உணவு ஏற்பதில்லை என்று சங்கம் கூடி அறிவிக்கும் நடைமுறை அது. தவறை ஒப்புக்கொண்டு வந்தால் பாத்திரத்தை மீண்டும் நிமிர்த்தும் நடைமுறையும் அதே இடத்தில் உள்ளது. பிக்குகளுக்கு உணவிட்டுப் புண்ணியம் தேடுவதை ஆட்சியின் கௌரவமாகக் கருதிய படைத்தளபதிகளுக்கு இதைவிடக் கூர்மையான தண்டனை இருந்திருக்க முடியாது. மைத்திரி சுத்தத்தை ஓதியபடி ஆயிரக்கணக்கான பிக்குகள் மழையில் ரங்கூன் வீதிகளில் நடந்தார்கள். மாத இறுதியில் துப்பாக்கிகள் அவர்களை அடக்கின.

அதே நாட்டில், அடுத்த பத்தாண்டுக்குள், காவி உடுத்த சிலர் முஸ்லிம்களுக்கு எதிராக வெறுப்பைப் பரப்பினார்கள்; 2017-இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். இலங்கையைப் பற்றித் தமிழ் வாசகருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1958-ஆம் ஆண்டை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். தமிழர்களுக்கு ஓரளவு அதிகாரப் பகிர்வைத் தரவிருந்த பண்டா-செல்வா ஒப்பந்தத்தைக் கைவிடக் கோரி, அந்த ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு முன் அமர்ந்தார்கள், ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. அமர்வதும் அமைதியாக மறியல் செய்வதும் எதிர்ப்பின் வடிவங்கள். அவை தம்மளவில் நீதியாகிவிடுவதில்லை. அதே ஆண்டின் இறுதியில், ஏ.டி. ஆரியரத்ன என்னும் ஆசிரியர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்ற ஊருக்குப் போனார். தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட ரொடியா மக்களின் ஊர் அது. மாணவர்கள் அந்த மக்களோடு மண் வெட்டினார்கள், உண்டார்கள். உழைப்பைக் கொடையாகத் தரும் சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து பிறந்தது. ஒரே தீவு, ஒரே சமயம், ஒரே ஆண்டு. மைத்திரியில் 'எல்லா உயிர்களும்' என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. போரால் பிளவுண்ட வியட்நாமில் 1966-இல் தொடங்கப்பட்ட திக் நியாட் ஹானின், துறவியரும் இல்லறத்தாரும் சேர்ந்த அமைப்பு, எந்தக் கோட்பாட்டையும், பௌத்தக் கோட்பாட்டையும்கூட, விக்கிரகமாக்கி அதற்குக் கட்டுப்பட்டுவிடாதே என்பதைத் தன் முதல் விதியாக வைத்ததன் அருமை இந்த இடத்தில் புரிகிறது.

சங்கத்தின் உள்ளேயும் கணக்கு தீரவில்லை. உபாலியை உயர்த்திய அதே மூப்பு விதி பெண்களுக்கு வந்தபோது நிறுத்திவைக்கப்பட்டது. பிக்குணிகளுக்கென்று மரபு வைத்திருக்கும் எட்டு விதிகளில் முதலாவது, துறவேற்று 100 ஆண்டு நிறைந்த பிக்குணியும் அன்றுதான் துறவேற்ற பிக்குவை வணங்க வேண்டும் என்கிறது. குலச்செருக்கை அடக்க உதவிய வணக்கம், ஆண்செருக்கைக் காக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டுவிட்டது. தேரவாத மரபில் பெண்களுக்கான முழுத் துறவு நூற்றாண்டுகளாக அற்றுப்போயிருந்து, 1990-களின் இறுதியில் சாரநாத்திலும் இலங்கையின் தம்புள்ளையிலும் நடந்த தீட்சைகளால் மீண்டும் துளிர்த்தது. இன்றும் பல நாடுகளின் சங்கத் தலைமைகள் அதை ஏற்கவில்லை.

நம் மொழியின் பௌத்தக் காப்பியம் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. அறத்தைப் பெண்ணின் கையில் கொடுத்த மணிமேகலை, 'ஆற்றுநர்க்கு அளிப்போர் அறவிலை பகர்வோர்' என்று, திருப்பிக் கொடுக்க வல்லவர்களுக்குக் கொடுப்பதை அறத்தை விற்பதாகச் சொல்கிறது. சிறையில் கிடப்பவர்களின் பசியைத் தீர்த்தபின் மன்னனிடம் அவள் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்றாள்.

எஞ்சுவது கோபம் பற்றிய கேள்வி. ஒடுக்கப்பட்டவரிடம் கோபத்தை விடு என்று சொல்வது, அடித்தவனுக்கு அனுகூலமாக முடிகிறது என்னும் வாதத்தில் உண்மை இருக்கிறது. பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து மன்னிப்பை உபதேசிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். அதனால்தான் கம்போடியாவின் மகா கோசானந்தரின் சொல்லுக்குத் தனி எடை இருக்கிறது. கெமர் ரூஜ் ஆட்சியில் அவருடைய குடும்பமே அழிந்தது. தாய்லாந்து எல்லையின் அகதி முகாம்களில், பகை பகையால் தணிவதில்லை என்னும் தம்மபத அடிகளை அவர் ஓதியபோது, ஆண்டுக்கணக்கில் அந்த ஒலியைக் கேட்காதிருந்த மக்கள் கதறி அழுதார்கள். 1992-இல் அந்த எல்லையிலிருந்து புனோம்பென் வரை அவர் தம்ம யாத்திரையைத் தொடங்கினார். அகதிகளும் துறவிகளும் வரிசையாக, கண்ணிவெடிகள் புதைந்த நாட்டின் ஊடாக, ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். வழியில் மக்கள் வீட்டு வாசலில் தண்ணீர்க் குடங்களோடு காத்திருந்தார்கள். நடப்பவர்கள் அந்த நீரைத் தெளித்து வாழ்த்தினார்கள். சண்டையிட்டுக் கொண்டிருந்த படைவீரர்களும் வந்து தலைகுனிந்தார்கள். 1994-இல் யாத்திரை இரு படைகளின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே சிக்கியது. நடந்தவர்களில் இருவர் உயிரிழந்தார்கள். யாத்திரை நிற்கவில்லை. புறப்படும் முன் நடப்பவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி அளிக்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கண்ணிவெடித் தடைக்காகவும், அழிந்துவரும் காடுகளுக்காகவும் அவர்கள் நடந்தார்கள்; போகும் வழியில் மரக்கன்றுகளை நட்டார்கள்.